ஒரு கணினி, மூன்று வட்டுகள்: லினக்ஸில் எதை எங்கே வைப்பது?

வீட்டுக் கணினியில் ஒரு ஹார்ட் டிஸ்க்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் திட்டம் போட்டு வருவதில்லை. பழைய லேப்டாப் செத்துப்போனதும் அதன் வட்டு மிஞ்சும். இடம் போதாமல் ஒன்று வாங்குவோம். "எஸ்எஸ்டி போட்டால் பறக்கும்" என்று யாராவது சொல்ல, அதுவும் வந்து சேரும். கேபினெட்டுக்குள் மூன்று வட்டுகள் சேர்ந்த பிறகும் கணினி ஆமை வேகத்தில்தான் போகும். காரணம், புது எஸ்எஸ்டியில் சினிமாக் கோப்புகள் தூங்கிக்கொண்டிருக்கும். இயங்குதளம் பழைய வட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வழிகாட்டிக்கு என் மேசையில் இருக்கும் கணினியையே எடுத்துக்கொள்கிறேன். இன்டெல் எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட். வட்டுகள் மூன்று: 240 ஜிபி சாட்டா (வட்டை மதர்போர்டோடு இணைக்கும் முறை) எஸ்எஸ்டி, 7200 சுற்று வேகமுள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க், லேப்டாப்பிலிருந்து கழற்றிய 5400 சுற்று 500 ஜிபி வட்டு. உங்களிடம் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) இருக்கலாம், 4 டிபி வட்டு இருக்கலாம். கணக்கு மாறும், முறை மாறாது.

ஒரு விஷயம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) அடிக்கும்போது எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து; உங்கள் கோப்புறைகளின் பெயர்களை மட்டும் இருக்கிறபடியே அடியுங்கள். விதிவிலக்கு வரும் ஒரே இடத்தில் சொல்கிறேன்.

தலை அலைந்தால் வேலை நடக்காது

எதை எங்கே வைப்பது என்பதற்கு முன், ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கிறது. வேண்டிய இடம், தகவலைப் படித்து எழுதும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஒரு 9 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். ஆக, ஒரு துண்டுத் தகவலைத் தேடி எடுக்கச் சுமார் 13 மில்லிசெகண்ட். ஒரு செகண்டில் 75 முறைதான் இப்படித் தேட முடியும். ஒவ்வொரு முறையும் 4 கேபி படித்தால் செகண்டுக்கு 300 கேபி. அதே வட்டு ஒரு பெரிய வீடியோவை வரிசையாகப் படித்தால் செகண்டுக்கு 150 எம்பிகூடத் தரும். ஒரே வட்டு, ஒரே நாள், ஐந்நூறு மடங்கு வித்தியாசம்!

எஸ்எஸ்டிக்குத் தலையும் இல்லை, சுழற்சியும் இல்லை. மலிவான சாட்டா எஸ்எஸ்டிகூட செகண்டுக்குப் பல்லாயிரம் சிறு கோப்புகளைத் தேடி எடுத்துவிடும். கணினி பூட் ஆவது, பிரவுசர் திறப்பது, மென்பொருள் நிறுவுவது எல்லாமே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்கும் தேடுகிற வேலை. படம் பார்ப்பது, போட்டோவைச் சேமிப்பது, பேக்கப் எடுப்பது எல்லாம் நீளமாக ஒரே வரிசையில் ஓடுகிற வேலை. முதல் வகை எஸ்எஸ்டிக்கு, இரண்டாவது ஹார்ட் டிஸ்குக்கு. இதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே ஹார்ட் டிஸ்கில் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய வேலைகளை ஓடவிடக் கூடாது. இரண்டுமே வரிசையாக ஓடுகிற வேலைகளாக இருந்தாலும், தலை இரண்டுக்கும் நடுவே மாறி மாறி ஓடி இரண்டையும் கெடுத்துவிடும்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,ரோட்டா,மாடல்,சீரியல் என்று அடியுங்கள். ரோட்டா என்ற பத்தியில் 1 இருந்தால் சுழலும் வட்டு, 0 இருந்தால் எஸ்எஸ்டி. (யுஎஸ்பி வழியாக இணைத்த எஸ்எஸ்டிக்குச் சில நேரம் 1 என்று பொய் சொல்லும்; அதை நம்ப வேண்டாம்.) 240 ஜிபி வட்டு 223 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பதற வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், லினக்ஸ் 1024 ஆக எண்ணுகிறது.

அடுத்தது உடல்நலம். ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவி, சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ என்று அடித்து, பக்கத்தில் /டெவ்/எஸ்டிஏ என்பது போல வட்டின் பெயரைக் கொடுங்கள். (சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்.) வரும் நீண்ட பட்டியலில் நான்கு எண்களைப் பார்த்தால் போதும். 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள் (வட்டின் சிறு சிறு கூறுகள்). 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் கிடக்கும் செக்டர்கள். 198, சோதனையில் படிக்கவோ சரிசெய்யவோ முடியாமல் போனவை. இந்த மூன்றிலும் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். 197 ஏறிக்கொண்டே போகிறதென்றால் அந்த வட்டில் எதையும் நம்பி வைக்காதீர்கள். இருப்பதை இன்றைக்கே வெளியே எடுங்கள். 199 மட்டும் வேறு ரகம். அது வட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைவதைக் காட்டும், பெரும்பாலும் சாட்டா கேபிள் கோளாறு. புதுக் கேபிள் போட்டதும் எண் ஏறுவது நின்றுவிடும். வட்டையே தூக்கிப் போடுகிறவர்கள் கேபிளை ஒருமுறை மாற்றிப் பார்த்திருக்கலாம்.

பிறகு போர்ட். சாட்டாவில் 3 ஜிகாபிட், 6 ஜிகாபிட் என்று இரண்டு வேகம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முதலாவதில் செகண்டுக்கு அதிகபட்சம் 300 எம்பி, இரண்டாவதில் 600 எம்பி. எச்61 சிப்செட்டில் இருப்பவை எல்லாமே 3 ஜிகாபிட் போர்ட்கள்தான். பி75 போர்டுகளில் சிப்செட் தருகிற 6 ஜிகாபிட் போர்ட் ஒன்றே ஒன்று. அதை ஹார்ட் டிஸ்க் பிடித்துக்கொண்டு எஸ்எஸ்டி வேறொன்றில் மாட்டியிருப்பதைப் பல கணினிகளில் பார்த்திருக்கிறேன். எந்தப் போர்ட் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதை சுடோ டிஎம்இஎஸ்ஜி வெளியீட்டில் "சாட்டா லிங்க் அப்" என்ற வரிகள் சொல்லும். எம்.2 (எஸ்எஸ்டியை நேரடியாகச் செருகும் இடம்) வசதியுள்ள புதிய போர்டுகளில் வேறொரு கூத்து நடக்கும்: எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி மாட்டியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் செயலிழந்துவிடும். வட்டு காணோம் என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள்.

என்னிடம் இருப்பது 3 ஜிகாபிட் போர்ட், எஸ்எஸ்டி வீண்தானே என்று கேட்காதீர்கள். வரிசையாகப் படிக்கும் வேகம்தான் பாதியாகிறது. சிறு கோப்புகளைத் தேடுவதில் அது இன்னும் ஹார்ட் டிஸ்கைவிட எங்கோ மேலே. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா முறை ஐடிஇ என்று இருந்தால் மட்டும் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். லினக்ஸ் அதற்காக முரண்டு பிடிக்காது. அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் அது பூட் ஆகாமல் போகலாம்.

எதற்கு எந்த வட்டு

இணையத்தில் கிடக்கும் பழைய வழிகாட்டிகள் பல, இயங்குதளத்தை எஸ்எஸ்டியிலும், ஹோம் எனப்படும் உங்கள் சொந்தக் கோப்புறை முழுவதையும் ஹார்ட் டிஸ்கிலும் வைக்கச் சொல்லும். எஸ்எஸ்டி 60 ஜிபியும் விலை யானையாகவும் இருந்த காலத்து யோசனை அது. இன்றைக்கு நான் அதை ஏற்க மாட்டேன். ஹோம் கோப்புறைக்குள் உங்கள் போட்டோவும் வீடியோவும் மட்டும் இல்லை. புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைந்த கோப்புறைகளில் பிரவுசரின் வரலாறு, குக்கீ, கேஷ், ஒவ்வொரு மென்பொருளின் அமைப்புகள் என்று ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை எழுதப்படும். அவற்றைச் சுழலும் வட்டுக்கு அனுப்பினால், கணினி வேகமாக பூட் ஆகி, பிரவுசர் திறக்கும்போது திக்கும். எஸ்எஸ்டி போட்டும் பயனில்லை என்று புலம்புகிறவர்கள் பலருக்கு இதுதான் நோய்.

ஆகவே என் பங்கீடு இது. எஸ்எஸ்டியில் ரூட் (இயங்குதளம் இருக்கும் இடம்), ஹோம், ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் இடம்) மூன்றும் இருக்கட்டும். ஹோமுக்குள் வீங்குகிற கோப்புறைகளை மட்டும், அதாவது வீடியோ, இசை, படங்கள், பதிவிறக்கங்கள், 1 டிபி வட்டுக்குக் கொண்டுபோகலாம். 500 ஜிபி பழைய வட்டு பேக்கப்புக்கு. கிழட்டு வட்டில் பேக்கப்பா என்று கேட்கலாம். அது செத்தால் மூலம் கையில் இருக்கிறது. மூலத்தை அதில் வைத்து அது செத்தால்தான் சிக்கல்.

மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகளையும், நிரல் எழுதுகிறவர்களின் மூலநிரல் கோப்புறைகளையும் இடம் இருந்தால் எஸ்எஸ்டியிலேயே வையுங்கள். அவை உருவத்தில் பெரிதாக இருந்தாலும் உள்ளுக்குள் நடப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிற வேலை. வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் மூலக் காட்சிகளை 1 டிபி வட்டில் வைத்து, ரெண்டர் ஆகி வரும் கோப்பை எஸ்எஸ்டிக்கு எழுதச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து படித்து இன்னொன்றில் எழுதும்போது எந்தத் தலையும் அலையாது. டாரன்ட் இறங்கிக்கொண்டிருக்கும் வட்டிலேயே பெரிய கோப்புகளை நகலெடுத்துப் பாருங்கள், நான் சொல்வது காதிலேயே கேட்கும்.

எஸ்எஸ்டியில் அதிகம் எழுதினால் தேய்ந்துவிடுமே என்ற பயமும் பழசு. நாளுக்கு 20 ஜிபி எழுதினால் ஆண்டுக்கு 7.3 டிபி. மொத்தம் 80 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் உள்ள எஸ்எஸ்டி, அந்தக் கணக்கில் ஏறக்குறைய 11 ஆண்டுகள் வரும். வீட்டில் நாளுக்கு 20 ஜிபி எழுதுகிறவர்கள் குறைவு.

பார்ட்டிஷன் போடுவது

பார்ட்டிஷன் என்றால் வட்டில் பிரித்த ஒரு பகுதி. அதைப் போட டெர்மினல் தேவையில்லை. மின்ட், உபுண்டு இரண்டிலும் டிஸ்க்ஸ் என்ற நிரல் இருக்கிறது. வட்டைத் தேர்ந்து, ஃபார்மட் டிஸ்க் என்பதில் ஜிபிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் போகாது. பார்ட்டிஷன் தொடக்கத்தை நிரல் தானாகவே 1 எம்பி எல்லையில் சீரமைத்துவிடும்; ஒரு காலத்தில் இதற்குத் தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இடதுபக்கம் எந்த வட்டு தேர்வாகியிருக்கிறது என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு ஃபார்மட்டை அழுத்துங்கள்.

ஹார்ட் டிஸ்கை சி, டி, இ என்று கூறுபோடும் விண்டோஸ் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரே வட்டில் மூன்று பார்ட்டிஷன் போட்டால் மூன்று வட்டாகிவிடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது தலை வட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட வேண்டும். ஒரு வட்டுக்கு ஒரு பார்ட்டிஷன் போதும். வேறு வழியில்லாமல் இரண்டு போட்டால், வேகம் வேண்டியதை முதலில் போடுங்கள். வட்டின் எண்வரிசை வெளி விளிம்பில் தொடங்குகிறது. அங்கே ஒரு சுற்றில் அதிக செக்டர்கள் கிடைப்பதால் வேகம் உள்விளிம்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

கோப்பு முறைக்கு (வட்டில் கோப்புகளை அடுக்கும் விதம்) இஎக்ஸ்டி4 எடுத்துக்கொள்ளுங்கள். 2008-லிருந்து நிலையான வடிவில் இருக்கிறது, மின்சாரம் போய்ப் போய் வரும் வீட்டில் அதன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) பலமுறை காப்பாற்றியிருக்கிறது. பட்டர்எஃப்எஸ் நல்ல சரக்குதான், கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி எல்லாம் உண்டு. ஆனால் மெய்நிகர் வட்டுகள் போலத் திரும்பத் திரும்ப எழுதப்படும் கோப்புகளைச் சுழலும் வட்டில் அது சிதறடிக்கும். பழைய வட்டு என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு இஎக்ஸ்டி4 ஆக்குங்கள். விண்டோஸுடன் பகிர வேண்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸ் பக்கம் எழுத விடாமல் அடம்பிடிக்கும்.

பார்ட்டிஷனுக்குப் பெயர் கொடுக்க மறக்காதீர்கள். டேட்டா, பேக்கப் என்று எளிமையாக இருக்கட்டும்.

இன்னொரு சிறு லாபம். இஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். இயங்குதளம் உள்ள பார்ட்டிஷனில் அது நியாயம். வெறும் கோப்புகள் வைக்கும் 1 டிபி வட்டில் 50 ஜிபி சும்மா கிடக்க வேண்டியதில்லை. சுடோ ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 என்று அடித்து பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்தால் ஒதுக்கீடு ஒரு சதவீதமாகும். பூஜ்யம் ஆக்கி, வட்டை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். நிரம்பிய வட்டில் புதிய கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறும்.

எஃப்எஸ்டேப்: இங்கேதான் நிதானம் வேண்டும்

வட்டுகளை ஒவ்வொரு முறையும் கையால் மவுன்ட் செய்யாமல், பூட் ஆகும்போதே இணைக்கச் சொல்லும் பட்டியல் /இடிசி/எஃப்எஸ்டேப் என்ற கோப்பு. அதைத் தொடுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். லைவ் யுஎஸ்பி (லினக்ஸை நேரடியாக பூட் செய்யும் பென் டிரைவ்) ஒன்றும் கையோடு இருக்கட்டும். இந்தக் கோப்பில் ஒரு எழுத்து பிழையானால் கணினி பூட் ஆகாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடலாம்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை இங்கே எழுதாதீர்கள். எந்த வட்டு முதலில் விழித்துக்கொள்கிறதோ அதைப் பொறுத்து அந்தப் பெயர்கள் மாறும். மாறாதது யுயுஐடி என்ற நீண்ட அடையாள எண். எல்எஸ்பிஎல்கே -எஃப் அடித்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எதிரே அது தெரியும்.

முதலில் இணைக்கும் இடத்தை உருவாக்குங்கள்: சுடோ எம்கேடிஐஆர் /டேட்டா. அடுத்து, பல வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் ஒரு காரியம்: சுடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /டேட்டா. இது அந்த வெற்றுக் கோப்புறையைப் பூட்டிவிடும். என்றாவது ஒருநாள் வட்டு இணையாமல் போனால், பேக்கப் நிரலும் டாரன்ட் நிரலும் அந்த வெற்றுக் கோப்புறைக்குள்ளேயே எழுதித் தள்ளி எஸ்எஸ்டியை நிரப்பிவிடும். உங்களுக்குக் காரணமும் புலப்படாது. பூட்டியிருந்தால் எழுத முடியாமல் பிழை காட்டும். வட்டு மேலே இணைந்ததும் இந்தப் பூட்டு எந்த இடைஞ்சலும் செய்யாது.

இப்போது எஃப்எஸ்டேப்பின் கடைசியில் ஒரு வரி. ஆறு பகுதிகள், நடுவில் இடைவெளி:

யுயுஐடி=உங்கள்-எண்  /டேட்டா  இஎக்ஸ்டி4  டிஃபால்ட்ஸ்,நோஏடைம்,நோஃபெயில்  0  2

முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான்: யுயுஐடி என்ற நான்கு எழுத்துகளும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நோஃபெயில் என்பது உயிர் காக்கும் சொல். அது இல்லாவிட்டால், கேபிள் தளர்ந்து ஒரு வட்டு காணாமல் போன அன்று கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். நோஏடைம், ஒரு கோப்பைப் படித்த நேரத்தையெல்லாம் குறித்துவைக்காதே என்கிறது. 2009-லிருந்து கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தானாகவே இதைக் குறைத்துக்கொண்டதால் பெரிய மாற்றம் தெரியாது. ஆனாலும் சுழலும் வட்டில் போட்டுவைப்பதில் நஷ்டமில்லை. கடைசி 2, ரூட்டுக்குப் பிறகு சோதித்தால் போதும் என்று பொருள்.

பேக்கப் வட்டுக்கும் இதே போல ஒரு வரி, ஆனால் நோஆட்டோ என்ற சொல்லைச் சேர்த்து. வேண்டும்போது மட்டும் இணையட்டும். எப்போதும் இணைந்தே கிடக்கும் பேக்கப்பைத் தவறான ஒரு அழிப்புக் கட்டளை மூலத்தோடு சேர்த்துத் துடைத்துவிடும்.

சேமித்த பிறகு கணினியை மறுபடி தொடங்கிப் பார்க்க அவசரப்படாதீர்கள். சுடோ ஃபைன்ட்எம்என்டி --வெரிஃபை என்று அடித்தால் எழுத்துப் பிழைகளைச் சொல்லும். பிறகு சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அதன் பின் சுடோ மவுன்ட் -ஏ. எதுவும் முணுமுணுக்காமல் முடிந்தால் வெற்றி. டிஸ்க்ஸ் நிரலில் அந்தப் பார்ட்டிஷனின் பட்டியலில் டேக் ஓனர்ஷிப் என்பதை அழுத்தினால் வட்டு உங்கள் பெயருக்கு வந்துவிடும். இதைச் செய்யாமல் "எழுத அனுமதி இல்லை" என்று வந்து நிற்கிறவர்கள் ஏராளம்.

கோப்புகளை இடம் மாற்றுவது

இழுத்துவிட்டு நகர்த்தாதீர்கள். பாதியில் கரன்ட் போனால் எது போனது, எது இருக்கிறது என்று தெரியாது. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்: ஆர்சிங்க் -ஏவி என்று தொடங்கி, மூலக் கோப்புறையின் பெயர், சேர வேண்டிய இடத்தின் பெயர் இரண்டையும் கொடுங்கள். இரண்டின் முடிவிலும் சாய்கோடு போட்டுவிடுங்கள். மூலத்தில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை போகும். இல்லாவிட்டால் கோப்புறையே போய், வீடியோவுக்குள் இன்னொரு வீடியோ உண்டாகும். முடிந்ததும் அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டுங்கள். நகலெடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூலத்தை உடனே அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஒரு வாரம் வைத்திருங்கள்.

இனி, ஹோமுக்குள் இருக்கும் வீடியோ கோப்புறை உண்மையில் 1 டிபி வட்டில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். குறியீட்டு இணைப்பு (இன்னோர் இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) எளிது, ஆனால் ஸ்னாப், ஃப்ளாட்பேக் வழியாக நிறுவிய மென்பொருள்கள் ஹோமுக்கு வெளியே போகும் இணைப்புகளைப் பல நேரம் பின்தொடர மறுக்கும். ஒரு கோப்புறையை இன்னோர் இடத்திலும் அப்படியே காட்டும் பைண்ட் மவுன்ட்டைத்தான் நான் விரும்புகிறேன். பழைய பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறை உண்டாக்கிவிட்டு, எஃப்எஸ்டேப்பில் டேட்டா வரிக்குக் கீழே:

/டேட்டா/வீடியோ  /ஹோம்/உங்கள்-பெயர்/வீடியோ  நன்  பைண்ட்,நோஃபெயில்  0  0

கோப்புறை ஒன்றுக்கு ஒரு வரி. அப்புறம் எந்த மென்பொருளுக்கும் வித்தியாசமே தெரியாது. முன்பு சொன்ன +ஐ பூட்டை இந்த வெற்றுக் கோப்புறைகளுக்கும் போடலாம்.

ஸ்வாப்பும் சில்லறை விஷயங்களும்

ஸ்வாப் எங்கே இருக்கிறது என்று ஸ்வாப்ஆன் --ஷோ காட்டும். பழைய நிறுவலிலிருந்து ஹார்ட் டிஸ்கில் ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் ஒட்டிக்கொண்டிருந்தால் எஃப்எஸ்டேப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று சம முன்னுரிமையில் இரண்டு இருந்தால், கர்னல் இரண்டுக்கும் மாறி மாறி அனுப்பும். வேகம் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். 8 ஜிபி ரேமுக்கு எஸ்எஸ்டியில் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு எனக்குப் போதுமாக இருக்கிறது.

ட்ரிம் (அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) பற்றிக் கவலை வேண்டாம், மின்ட்டிலும் உபுண்டுவிலும் அது வாரம் ஒருமுறை தானாக ஓடும். ஐஓ ஷெட்யூலரை (வட்டுக்கு வரும் வேலைகளை வரிசைப்படுத்தும் பகுதி) மாற்றச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்விஎம்இக்கு நன், மற்றவற்றுக்கு எம்க்யூ-டெட்லைன் என்று கர்னல் தானாக வைப்பதே போதும். ஹார்ட் டிஸ்கில் பெரிய நகல் ஓடும்போது மற்றவை திணறினால் மட்டும் பிஎஃப்க்யூ முயன்று பார்க்கலாம்.

பேக்கப் வட்டு சும்மா சுழல வேண்டாம் என்றால் டிஸ்க்ஸில் டிரைவ் செட்டிங்ஸ் போய், 20 நிமிடம் வேலையில்லை என்றால் தூங்கச் சொல்லலாம். டேட்டா வட்டுக்கு அதைச் செய்யாதீர்கள். கோப்புறையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது எழுந்து உட்காரும்வரை ஃபைல் மேனேஜர் உறைந்து நிற்கும்.

எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் என்ன?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. முதல்முறை மூன்று வட்டுகள் கிடைத்தபோது எல்விஎம் கொண்டு அவற்றை ஒரே பெரிய வட்டாக ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது, 1.7 டிபி. எட்டு மாதம் கழித்து லேப்டாப் வட்டு டிக் டிக் என்று சத்தம் போட்டுச் செத்தது. அதில் என்ன இருந்தது என்றே எனக்குத் தெரியாது; எல்லாக் கோப்புகளும் மூன்றிலும் பரவிக் கிடந்தன. மிச்சம் இரண்டு வட்டுகளும் நல்ல உடம்போடு இருந்தும் மொத்தமும் போனது. வேகமும் கூடவில்லை, ஏனென்றால் எல்விஎம் சாதாரணமாக வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அடுக்கும். இப்போது அந்த இடத்தில் இருப்பது அதன் தம்பி, வேறொரு லேப்டாப்பிலிருந்து வந்தது.

தகவலைத் துண்டாக்கி இரண்டு வட்டுகளில் பரப்பும் ரெய்டு 0 உண்மையிலேயே வேகம் தரும், ஒரே மாதிரியான இரண்டு வட்டுகள் இருந்தால். 7200-ஐயும் 5400-ஐயும் ஜோடி சேர்த்தால் வேகம் மெதுவானதுக்கு ஏற்பத்தான் நடக்கும். இரண்டில் ஒன்று போனால் எல்லாம் போகும் என்ற ஆபத்து மட்டும் முழுசாகக் கிடைக்கும். ஒரே தகவலை இரண்டு வட்டுகளிலும் எழுதும் ரெய்டு 1 வட்டுச் சாவிலிருந்து காக்கும். நீங்கள் தவறுதலாக அழிப்பதை இரண்டு வட்டுகளிலும் ஒரே நொடியில் அழித்துக் கொடுக்கும். எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்குக்கு முன்னால் கேஷாக வைக்கும் பிகேஷ் 2013-லிருந்து கர்னலில் இருக்கிறது. பெரிய வட்டும் சின்ன எஸ்எஸ்டியும் உள்ளவர்களுக்கு ஆசை காட்டும். 240 ஜிபி எஸ்எஸ்டி இருக்கும் வீட்டில், எது எங்கே என்று கையால் பிரித்து வைப்பது அதைவிட எளிது. பழுது பார்ப்பதும் எளிது.

உண்மையில் வேகம் கூடியதா?

உணர்ச்சியை நம்ப வேண்டாம். சிஸ்ஸ்டாட் தொகுப்பை நிறுவி, வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே ஐஓஸ்டாட் -எக்ஸ் 2 ஓடவிடுங்கள். கடைசிப் பத்தியான யுடில், ஒவ்வொரு வட்டும் எத்தனை சதவீத நேரம் வேலையில் இருந்தது என்று காட்டும். டேட்டா வட்டு 100-இல் ஒட்டிக்கொண்டு, மற்றவை பூஜ்யத்தில் கிடந்தால் ஏதோ ஒரு வேலை தவறான இடத்தில் நடக்கிறது. எந்த நிரல் என்று சுடோ ஐஓடாப் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் டாரன்ட், போட்டோக்களுக்குச் சிறுபடம் உண்டாக்கும் நிரல், அல்லது கோப்புகளை அட்டவணைப்படுத்தும் நிரல்.

வட்டின் நேர்வேகத்துக்கு சுடோ எச்டிபார்ம் -டி. நகலெடுத்துப் பார்த்து வேகம் அளக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டாம் முறை அதே கோப்பைப் படிக்கும்போது அது ரேமிலிருந்து வரும். வட்டு திடீரென்று வேகம் பெற்றுவிட்டதாக நினைத்து மகிழ வேண்டாம். 2.5 அங்குல வட்டுகள் பலவற்றில் எஸ்எம்ஆர் என்ற முறை இருக்கிறது, தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். முதல் சில ஜிபி வேகமாக எழுதிவிட்டு, பிறகு மாட்டுவண்டியாகிவிடும். பேக்கப்புக்கு அது பரவாயில்லை, இரவில் ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

இயங்குதளத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் டைம்ஷிஃப்ட் நிரலை வைத்திருந்தால் அது ஸ்னாப்ஷாட்களை எந்த வட்டில் வைக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். ரூட்டிலேயே வைத்து எஸ்எஸ்டியை நிரப்பிக்கொண்டிருந்தால் 500 ஜிபி வட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு அது போதாது, அதற்கு வாரம் ஒருமுறை ஆர்சிங்க். குழந்தைகளின் போட்டோ மாதிரி திரும்ப எடுக்க முடியாதவற்றுக்கு, கேபினெட்டுக்கு வெளியே இன்னொரு பிரதி வேண்டும். மின்னழுத்தம் எகிறி எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வெடித்தால் உள்ளே இருக்கும் மூன்று வட்டுகளும் சேர்ந்தே போகலாம்.

கேபினெட்டை மூடுவதற்கு முன் கடைசி வேலை. ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் டேட்டா, பேக்கப் என்று எழுதி, கூடவே எல்எஸ்பிஎல்கே காட்டிய சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் எழுதி, ஒவ்வொரு வட்டின் முதுகிலும் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் ஏதோ ஒரு வட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அன்று கணினி பூட் ஆகாமல் இருந்தால் எது எது என்று சொல்ல டெர்மினலும் இருக்காது.